நீலப் பென்சில் குறி

திரைப்படம் எப்படி என்று என்னைக் கேட்டால் மூன்றில் ஒரு பதில்தான் வரும். முழு எடை. குறை எடை. கல் கலந்தது. நாலாவது கிடையாது. 'ஒரு தடவை பார்க்கலாம்' என்று இழுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு தடவை பார்ப்பதற்குத்தானே எல்லாப் படத்தையும் எடுக்கிறார்கள்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்குள் நுழைந்து தராசைச் சரிபார்ப்பது, எடைக்கல்லைப் புரட்டி முத்திரை பார்ப்பது, பொட்டலத்தில் அச்சிட்ட எடை உள்ளே இருக்கிறதா என்று நிறுத்துப் பார்ப்பது, சரியாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு குறி போடுவது. இதுதான் வேலை. பணியில் இருந்தவரை எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. தெருவில் எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய பெயர் இப்போது முகத்துக்கு நேராகவே 'தராசு சார்' ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

படத்தையும் நான் அப்படித்தான் நிறுப்பேன். ஒரு படத்தில் நாயகன் மூட்டை தூக்குகிற தொழிலாளி. பெரிய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடி ஏறுகிறான். கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. உள்ளே பஞ்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் அம்மா செத்தாள். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மூட்டையில் ஏமாற்றியவன் அம்மா விஷயத்தில் மட்டும் யோக்கியனாக இருப்பானா? இன்னொரு படத்தில் மழை நாயகியின் மேல் மட்டும் பெய்தது. அவளுக்குப் பின்னால் நின்ற சைக்கிள் காய்ந்து கிடந்தது. கல் கலந்தது.

குறை மட்டுமே கண்டுபிடிக்கிற ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம். ஒரு படத்தில் வயதானவர் ஒருவர் நோயில் கிடக்கும் மனைவிக்கு ஆரஞ்சு உரிப்பார். நார் எடுத்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்குவார். நடுவில் அவள் தூங்கிவிடுவாள். அவர் அதைப் பார்த்துவிட்டும் உரித்துக்கொண்டே இருப்பார். பின்னணி இசை கிடையாது, பேச்சும் கிடையாது. அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பாதித் தூரம் நான் வாய் திறக்கவில்லை. "என்னங்க, படம் பிடிக்கலையா?" என்று மனைவி கேட்டாள். "முழு எடை" என்றேன். மேலே பேசியிருந்தால் குரல் உடைந்திருக்கும். நடுத்தெருவில் அது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை.

எனக்குச் சில ஒழுங்குகள் உண்டு. என் காசில் வாங்கிய சீட்டில்தான் பார்ப்பேன். கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். பாதிப் படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் முதல் காட்சி முடிந்து வெளியே வரும்போது, அரங்க வாசலில் கைபேசியும் ஒலிவாங்கியுமாக ஒரு பெண் நிற்பாள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் கருத்தைப் பதிவுசெய்து இணையத்தில் போடுவது அவள் தொழில். ஒருநாள் போகிற போக்கில் என்னிடம் நீட்டினாள். "குறை எடை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அது எப்படியோ பரவிவிட்டது. அதிலிருந்து என் சொல்லுக்காகவே வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அதில் முதல் ஆள். நான் முழு எடை என்றால் அவர் குப்பை என்பார். நான் கல் என்றால் அவர் காவியம் என்பார். இப்படியே எங்களுக்கு வருடங்கள் ஓடியிருக்கின்றன.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மகள் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது தங்கையின் கணவர் வீட்டை விட்டுப் போனார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சண்டையும் இல்லை. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர் திரும்பவில்லை. பிறகு வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று உறுதியான தகவல் வந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். 'புருஷன் விட்டுட்டுப் போனவள்' என்று நாளைக்கு ஒவ்வொரு வாயும் என் தங்கையை மெல்லும். அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியாது. ஆகவே மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்னேன். நான் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். என் வாயிலிருந்து குறை எடை வராது என்பது அவர்கள் கணக்கு. இதைப் பொய் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். வீட்டுக் கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கிறோம். அதற்காகத் தெருவைக் கூட்டிக் காட்டுவதில்லை.

சொன்னதைக் காப்பாற்றவும் செய்தேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 'அப்பாவின் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொடுத்தார்' என்று ஒரு பெட்டி போகும். வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் நானே வாங்குவேன். மிட்டாய் டப்பா, வண்ணப் பென்சில், ஒரு கவுன். கவுனை என் மனைவி எடுப்பாள். ஒரு அளவு பெரிதாகத்தான் எடுப்பாள். "பார்க்காத அப்பாவுக்குப் பிள்ளை அளவு எப்படிங்க தெரியும்?" என்பாள். அந்த மூளைக்கு நான் தலைவணங்குகிறேன். விலைச்சீட்டை எண்ணெய் தடவி உரிப்பேன். கடைப் பையை எரிப்பேன். பெட்டியைக் கொஞ்சம் நசுக்கி, தூரத்திலிருந்து வந்ததுபோல் ஆக்குவேன். அதில் ஓட்டை என்று எவனும் விரல் வைக்க முடியாது. இந்த உண்மை என் தங்கைக்கும் எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து படம் எடுக்கப் போனாள். உதவி இயக்குநராக அலைந்து, கடைசியில் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டாள். வெளியீட்டுக்கு முன் சிறப்புக் காட்சிக்கு என்னை அழைத்தாள்.

"மாமா, வெளிய வர்றதுக்கு முன்னாடி நீங்க பார்க்கணும். அதான் எனக்கு முக்கியம்."

"ஓசிச் சீட்டுல நான் படம் பார்த்திருக்கேனா?"

"இது ஓசி இல்ல மாமா. நான் உங்க வீட்டுப் பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன். வெள்ளிக்கிழமை வரிசைல நின்னு சீட்டு வாங்கிப் பார்க்கறேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுவேன். இல்லன்னா இல்லன்னுவேன். மருமகள்னு ஒரு கிராம் கூட்டிப் போட மாட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு "சரி மாமா" என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை மருந்துக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் கைபேசியில் முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு சிறுமி பெட்டி ஒன்றைப் பிரிக்கிறாள். 'அப்பா அனுப்பிச்சிருக்கார்' என்கிறது ஒரு குரல். அவ்வளவுதான்.

"என்ன சார், உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கே? உங்க மச்சானும் வெளிநாடுதானே?" என்றார் அவர்.

"வெளிநாட்டுல அப்பா இருக்கற வீடு ஆயிரம் இருக்கு" என்றேன். மாத்திரையை வாங்க மறந்து தங்கை வீட்டுக்கு நடந்தேன்.

தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு என்ன எடுத்து வெச்சிருக்கா, தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

"அவளுக்கு எதுவும் தெரிஞ்சிருக்க வழியில்ல. சும்மா கற்பனைல எடுத்திருப்பா. ஆனா பார்க்கறவன் சும்மா இருப்பானா? இவ்வளவு வருஷம் கட்டிக் காப்பாத்தினது."

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "அண்ணா, நீங்க முதல்ல படத்தைப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

பாவம், விஷயத்தின் கனம் தெரியாமல் பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நாளைக்கு வாசலில் எவனாவது கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். 'முழுக்கக் கற்பனை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நான் சொன்னால் நம்புவார்கள்.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று மூன்று சீட்டு வாங்கினேன். எனக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் தங்கை. இரண்டு வரிசை முன்னால் மருந்துக்கடைக்காரர் இருந்தார். விளக்கு அணைந்தது.

முதல் அரைமணி நேரம் ஆய்வாளனாகவே பார்த்தேன். வீடு சரியாக இருந்தது. குடியிருக்கிற வீட்டில் எப்போதும் திருகு சரியில்லாத ஒரு குழாய் இருக்கும், இருந்தது. அம்மாவாக நடித்தவள் துணி மடிக்கும்போது நிஜமாகவே மடித்தாள். சும்மா கையை ஆட்டவில்லை. பெட்டி வந்தது. பெரிய கவுன் வந்தது. சிறுமியின் தோளிலிருந்து நழுவியது. இதுவரை கற்பனையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவள் மிட்டாய் டப்பாவை எடுத்தாள். திருப்பினாள். அடியில் எடை அச்சிட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு சின்னக் குறி.

சிறுமி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த காட்சியில் மாமா வீட்டுச் சமையலறை. ஒருவரும் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறக்கிறாள். சர்க்கரைப் பொட்டலத்தில் நீலக் குறி. தேயிலையில் நீலக் குறி. உப்பில், சோப்புத் தூளில், தீப்பெட்டிக் கட்டில். அந்த வீட்டுக்குள் நுழையும் எந்தப் பொட்டலமும் நிறுக்கப்படாமல் அலமாரி ஏறியதில்லை. அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். மாமா வேலையிலிருந்து வருகிறார். அவள் அவர் எதிரில் போய் நின்று சொல்கிறாள்: "அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா. மிட்டாய் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு."

அந்தச் சொல் எனக்கு நினைவிருந்தது. அதே சொற்கள். எங்கள் வீட்டு நடையில், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதும் நினைவிருந்தது. ஓட்டையே இல்லாமல் செய்துவிட்டோம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். விலைச்சீட்டை உரித்தவன், பையை எரித்தவன், டப்பாவை நிறுத்துப் பார்த்து என் கையாலேயே குறி போட்டிருக்கிறேன். கை தன் வேலையைச் செய்துவிட்டது. என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

இடைவேளை விளக்கு எரிந்தது. மருந்துக்கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"வீட்டுக்கு."

"கடைசிப் பேர் ஓடற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப பாதில போறீங்களா?"

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கண் டாக்டர்கிட்டப் போறேன்னு உங்க தங்கச்சியோட போனேன்ல, அன்னைக்குப் பார்த்தேன். ஓசில பார்க்க மாட்டேன்னது நீங்க. எனக்கென்ன வந்துச்சு?"

தங்கை எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ ஓடுவதுபோல.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் மருமகள் சுவரோரமாக நின்றிருந்தாள். நான் வருவேன் என்று தெரிந்தே நின்றிருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்கத்தான் கூப்பிட்டேன் மாமா. வரிசைல நின்னு பார்க்கறேன்னீங்க."

"உங்கம்மா மானம் இப்ப அங்க திரையில கெடக்கு."

"அம்மா சரின்னு சொன்ன அப்புறம்தான் எழுதவே ஆரம்பிச்சேன். அம்மாவை நீங்க இன்னும் கண்ணாடிச் சாமான்னு நினைச்சுட்டு இருக்கீங்க."

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"எட்டு வயசு. அந்த டப்பாவுல இருந்து. யார்கிட்டயாவது சொன்னேனா? பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டப்போ, அங்க இப்ப குளிர்காலம், அப்பாவுக்கு லீவு கிடைக்கலைன்னு சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவீங்கன்னு உங்ககிட்டயும் சொல்லல." அவள் குரலை உயர்த்தவில்லை. அது எங்கள் வீட்டுப் பழக்கம். "நம்ம வீட்டு மானத்தை நீங்க மட்டுமா மாமா காப்பாத்தினீங்க?"

மணி அடித்தது. மக்கள் கையில் சோளப்பொரியோடு எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"உள்ள போங்க, இல்ல வீட்டுக்குப் போங்க. பாதி பார்த்துட்டு மட்டும் தீர்ப்பு சொல்லாதீங்க" என்றாள்.

என் சட்டத்தை என்னிடமே நீட்டினால் நான் என்ன செய்வது? உள்ளே போனேன்.

இரண்டாம் பாதியில் நான் அறியாதவற்றைப் பார்த்தேன். அந்தச் சிறுமி பொய் சொல்லப் பழகுகிறாள், மாமாவுக்காக. விசேஷ வீட்டில் ஒருத்தி, "உங்கப்பா ஏன் வரவே மாட்டேங்கறார்?" என்று குடைகிறாள். சிறுமி கண் இமைக்காமல் விமானச் சீட்டு விலையைச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது, என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். அவள் கல்லூரிக்குப் போன அன்று, அந்த மாமா மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தோள் குலுங்க அழுகிறார். அங்கே மட்டும் நான் முகம் சுளித்தேன். கடைசியில் அவள் வேலைக்குப் போய், முதல் விடுமுறையில் ஒரு மிட்டாய் டப்பாவோடு வருகிறாள். மாமா வாங்குகிறார். பழக்கத்தில் தராசில் வைக்கிறார், பென்சிலை எடுக்கிறார், குறி போடுகிறார். போட்ட பிறகு அவர் கை நிற்கிறது. அவள் அந்தக் குறியைப் பார்க்கிறாள். அவர் அவளைப் பார்க்கிறார். திரை இருள்கிறது.

பெயர்கள் ஓடின. கடைசிப் பெயர்வரை உட்கார்ந்திருந்தேன். அரங்கத்தைத் துடைக்க வந்தவர் நாங்கள் எழுவதற்காகக் காத்திருந்தார்.

வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஒலிவாங்கிப் பெண் என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். "தராசு சார், எடை சொல்லுங்க."

நான் வாய் திறக்குமுன் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "எடை அப்புறம் இருக்கட்டும்மா. சார், அந்த மாமா ஆளு, நீலப் பென்சில், இதெல்லாம் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே. என் கடைக்கு வந்து இருமல் மருந்துப் பாட்டிலயே நிறுத்துப் பார்த்த ஒருத்தரை எனக்குத் தெரியும்."

நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி என் வாய்க்கு நேராக இருந்தது. 'முழுக்கக் கற்பனை' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் அன்றோடு தீரும். ஆனால் அதைச் சொன்னால், அவள் அத்தனை வருடம் சுமந்ததைப் பஞ்சு மூட்டை என்று நான் சான்று கொடுத்ததாகும். என் ஆயுளில் எந்த வியாபாரிக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

நான் தங்கையைப் பார்த்தேன். அது அவள் வாழ்க்கை. முதலில் வாய் திறக்கிற உரிமை எனக்கில்லை.

அவள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் வெளிநாட்டுல இல்லைங்க. எப்பவும் இருந்ததில்ல. எங்களை விட்டுட்டுப் போயிட்டார். எங்கண்ணன்தான் பார்த்துக்கிட்டார்." சந்தைக்குப் போகிற வழியைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். புடவைத் தலைப்பைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

மருந்துக்கடைக்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நான் சும்மா படத்தைப் பத்தித்தாம்மா..." என்றார்.

"படத்தைப் பத்தி நான் சொல்றேன்" என்றேன். ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டேன். "அந்த மாமா நான்தான். பொண்ணு என் மருமக. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் உறவுக்காகத் தராசைச் சாய்ச்சேன்னு ஒருத்தனும் பேசக் கூடாது. என் சொந்தக் காசுல சீட்டு வாங்கிப் பார்த்தேன். முழு எடை."

கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டல் பிடிக்காது. கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"ஒரு இடம் மட்டும் இடிக்குது. அந்த மாமா மாடிப்படியில உட்கார்ந்து அழறார். நாலு குடித்தனம் ஏறி இறங்கற படி. அந்த ஆளு அங்க அழ மாட்டார். அழற ஆளே கிடையாது. அது நாடகம்."

மருமகள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "அது அத்தை சொன்னது மாமா" என்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் படிக்கட்டுன்னு சொல்லல" என்றாள் நிதானமாக. "குளியலறைன்னுதான் சொன்னேன். இவ ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு. குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு. வாளி நிறைஞ்சு வழிஞ்சு கூடம் வரைக்கும் தண்ணி வந்துச்சு."

"குளியலறைல கேமரா வைக்க இடம் பத்தல மாமா. அதான் படிக்கட்டுல எடுத்தோம்" என்றாள் மருமகள்.

ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"இடம் பத்தலைன்னா கதவுக்கு வெளியே வெச்சு எடுத்திருக்கணும்" என்றேன். "ஆளைக் காட்டவே வேண்டாம். குழாய்ச் சத்தம் போதும்."